குறைந்ததா, குறைத்தோமா? ஆங்கில வினைகளில் எதை எங்கே எழுதுவது

கேள்வி: ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் பணிபுரிகிறேன். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆங்கிலத்தில் அறிக்கை எழுதித் தருவது என் பொறுப்பு. சென்ற முறை, புகார்கள் குறைந்திருக்கின்றன என்ற பொருளில் 'கம்ப்ளெய்ன்ட்ஸ் ஹேவ் ரிடியூஸ்டு' என்று எழுதியிருந்தேன். மேலாளர் அந்தக் கடைசிச் சொல்லை அடித்துவிட்டு 'டிக்ளைன்டு' என்று திருத்தினார். அதுதான் உயர்ந்த நடை போலும் என்று எண்ணி, இந்த முறை செலவுகளைக் குறைத்தோம் என்பதற்கு 'வீ டிக்ளைன்டு தி எக்ஸ்பென்ஸஸ்' என்று எழுதினேன். அதையும் அடித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுவிட்டார். அகராதியைப் பார்த்தால் டிக்ரீஸ், ரிடியூஸ், டிக்ளைன், டிமினிஷ், ஷ்ரிங்க், டுவிண்டில் என எல்லாவற்றுக்கும் 'குறை' என்றே இருக்கிறது. எதை எங்கே எழுதுவது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடுத்த அறிக்கையில் நான்கு செய்திகள் வர வேண்டும்: கையிருப்புச் சரக்கு குறைந்தது, பிரிவில் பணியாளர் எண்ணிக்கை 12-லிருந்து 9 ஆனது, ஒரு புகாரைத் தீர்க்க ஆகும் காலத்தைக் குறைத்தோம், பிழை விகிதம் 8 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக இறங்கியது. இவற்றை எப்படி எழுதுவது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, பல ஆண்டுகளாக ஆங்கில அறிக்கைகளைத் திருத்தும் வேலையில் இருக்கும் எனக்கு, நீங்கள் எழுதிய இரண்டு வாக்கியங்களும் நன்கு பழக்கமானவை. முதலில் அந்தக் கேள்விக்குறியைத் தீர்த்துவிடுவோம். 'டிக்ளைன்' என்ற வினைக்குச் செயப்படுபொருள் ஒன்றைக் கொடுத்துவிட்டால், அதன் பொருள் குறைத்தல் என்பதிலிருந்து மறுத்தல் என்பதற்கு மாறிவிடுகிறது. அழைப்பை மறுப்பதற்கும், வேலை வாய்ப்பை ஏற்க மறுப்பதற்கும் எழுதப்படும் சொல் அதுவே. ஆகவே உங்கள் வாக்கியத்தைப் படித்தவர், செலவுகளைக் குறைத்தோம் என்று புரிந்துகொள்ளவில்லை. யாரோ கொடுத்த செலவுக் கணக்கை ஏற்க மறுத்துவிட்டோம் என்று புரிந்துகொண்டார். கணக்குப் பிரிவினர் படித்திருந்தால், எந்தப் பணியாளரின் செலவுத் தொகையைத் தர மறுத்தீர்கள் என்று உங்களைக் கேட்டிருப்பார்கள்.

உங்கள் இரண்டு பிழைகளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அகராதி 'குறை' என்று வேர்ச்சொல்லை மட்டும் தருகிறது. ஆனால் தமிழில் யாரும் அந்த வேரை வெறுமனே பேசுவதில்லை. குறைந்தது என்கிறோம், அல்லது குறைத்தது என்கிறோம். இடையில் வருவது மெல்லினமா வல்லினமா என்பதிலேயே, அது தானாக நிகழ்ந்ததா, ஒருவர் செய்ததா என்பது தெரிந்துவிடுகிறது. சுருங்கியது, சுருக்கியது; இறங்கியது, இறக்கியது; அடங்கியது, அடக்கியது; தணிந்தது, தணித்தது. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்த இந்த வேறுபாட்டைத் தமிழர் எவரும் தவறவிடுவதில்லை. சிறு குழந்தைகூட 'விளக்கு அணைந்தது', 'விளக்கை அணைத்தேன்' என்று சரியாகச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு சொல்லின் உருவத்தில் பெரும்பாலும் தெரிவதில்லை. அது ஒவ்வொரு வினைக்குள்ளும் மறைந்திருக்கிறது. எந்த வினை தன்வினையாக மட்டும் நிற்கும், எது பிறவினையாக மட்டும் நிற்கும், எது இரண்டுக்கும் இடம் கொடுக்கும் என்பதை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நீங்கள் தேடும் முதல் வழிகாட்டி இதுதான். பொருள் நுணுக்கமெல்லாம் இதற்குப் பின்னால் வருவது.

அந்தப் பார்வையோடு உங்கள் பட்டியலைப் பாருங்கள். 'டிக்ரீஸ்' இரண்டு பக்கமும் செல்லும். புகார்கள் டிக்ரீஸ் ஆகலாம், நீங்களும் ஒன்றை டிக்ரீஸ் செய்யலாம். 'ஷ்ரிங்க்', 'டிமினிஷ்', 'லெஸன்', 'டிராப்' ஆகியவையும் அப்படியே இரு பக்கமும் நிற்கும். குறைதல் என்ற பொருளில் 'டிக்ளைன்', 'டுவிண்டில்', 'ஃபால்' ஆகிய மூன்றும் தன்வினைகள் மட்டுமே. எதையும் டுவிண்டில் செய்துவிட்டோம் என்று எழுத முடியாது. 'ரிடியூஸ்', 'லோயர்', 'கர்ட்டெய்ல்' ஆகியவை பிறவினையாக நிற்பவை. குறைத்தவரும் வேண்டும், குறைக்கப்பட்ட பொருளும் வேண்டும். செய்தவரைச் சொல்ல விரும்பாவிட்டால் செயப்பாட்டு வினையாக்கி, 'ஹேவ் பீன் ரிடியூஸ்டு' என்று எழுதலாம். உங்கள் முதல் வாக்கியத்தில் விடுபட்டது அந்த 'பீன்' என்ற ஒரு சொல் மட்டுமே. மேலாளர் 'டிக்ளைன்டு' என்று திருத்தியது சரி. 'டிக்ரீஸ்டு' அல்லது 'ஃபாலன்' என்று திருத்தியிருந்தாலும் சரியாகவே இருந்திருக்கும். உயர்ந்த நடை, தாழ்ந்த நடை என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 'காய்ச்சல் ரிடியூஸ் ஆகிவிட்டது', 'எடை ரிடியூஸ் ஆகிவிட்டது' என்று அந்த வினையைத் தன்வினையாக வழங்குவது நம்மிடையே மிகப் பரவலாக இருக்கிறது. கேட்பவருக்குப் புரியாமல் போவதும் இல்லை. பேச்சில் அதைத் திருத்திக்கொண்டிருக்க நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் உங்கள் அறிக்கையைப் பல நாட்டினர் படிக்கக்கூடும். அவர்களில் பலருக்கு அந்த வாக்கியம் முடியாமல் தொங்குவதுபோல் ஒலிக்கும். காய்ச்சலுக்கு 'ஹேஸ் கம் டவுன்' என்பதும், வீக்கத்துக்கு 'ஹேஸ் கான் டவுன்' என்பதும் போதும். எடை குறைந்ததற்கு 'ஐ ஹேவ் லாஸ்ட் வெயிட்' என்பதே அவர்கள் வாயில் வருவது. 'கோ டவுன்', 'கம் டவுன்' போன்ற எளிய சொற்களை எழுத்தில் தாழ்வாக நினைப்பவர்கள் நிறையப் பேர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஒரு நாளில் மிக அதிகமாகப் புழங்குவது அவற்றைத்தான்.

தன்வினைக்கும் பிறவினைக்கும் தனித்தனி உருவம் வைத்திருக்கும் வழக்கம் ஆங்கிலத்துக்கு முற்றிலும் அந்நியமானதும் அல்ல. நம்முடைய வீழ், வீழ்த்து போல அதற்கும் 'ஃபால்', 'ஃபெல்' என்ற இணை உண்டு. மரம் ஃபால் ஆகும். மரத்தை வெட்டுபவர் அதை ஃபெல் செய்வார். 'ரைஸ்', 'ரெய்ஸ்' என்பதும் எழு, எழுப்பு என்பதைப் போன்ற இணைதான். 'சிட்', 'செட்' என்பதும், 'லை', 'லே' என்பதும் அந்தப் பழைய முறையின் எச்சங்களே. இன்று ஒரு கைப்பிடி இணைகளே மிஞ்சியிருக்கின்றன. குறைதலைச் சொல்லும் சொற்களுக்கு அந்த உதவி கிடைக்கவில்லை. அதனால்தான் சொல்லின் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறோம்.

தன்வினையா பிறவினையா என்பது இலக்கணத்தோடு நின்றுவிடும் விஷயமன்று; அறிக்கையின் உண்மைத்தன்மையும் அதைச் சார்ந்திருக்கிறது. புகார்கள் டிக்ரீஸ் ஆயின என்று எழுதினால், ஒரு நிகழ்வைப் பதிவு செய்கிறீர்கள். வீ ரிடியூஸ்டு என்று எழுதினால், அது உங்கள் முயற்சியால் நடந்தது என்று உரிமை கோருகிறீர்கள். புதிய நடைமுறை ஒன்றைக் கொண்டுவந்து அதனால் புகார்கள் குறைந்திருந்தால் அந்த உரிமை நியாயமானது, தயங்காமல் எழுதுங்கள். விற்பனையே பாதியாகி, அதனால் புகார்களும் பாதியாகியிருந்தால் அப்படி எழுதுவது பொய்யாகிவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு. ஒருவரின் முடிவால் ஆட்கள் வேலையிழந்த இடத்தில் 'பணியாளர் எண்ணிக்கை டிக்ரீஸ் ஆனது' என்று தன்வினையில் எழுதி, முடிவெடுத்தவரை வாக்கியத்திலிருந்து மறைத்துவிடுவதும் நடக்கிறது. நான் திருத்தும் அறிக்கைகளில் இந்த இடத்தில் எப்போதும் நின்று, யார் செய்தார்கள் என்று எழுதியவரைக் கேட்காமல் மேலே செல்வதில்லை.

'ரிடியூஸ்' ஏன் இவ்வளவு பிடிவாதமாக ஒரு செய்பவரைக் கேட்கிறது என்பதற்கு அதன் பிறப்பில் விடை இருக்கிறது. அதன் லத்தீன் மூலத்துக்கு 'திரும்ப அழைத்துச் செல்' என்பது பொருள். அளவு சிறியதாதல் என்ற பொருள் பின்னாளில் வந்து ஒட்டியது. அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும் அல்லவா? அந்தப் பழைய பொருள் இன்றும் சில துறைகளில் அப்படியே உயிரோடிருக்கிறது. இடம் விலகிய எலும்பை மருத்துவர் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து பொருத்துவதை ஆங்கில மருத்துவம் 'ரிடியூஸ்' என்கிறது; எலும்பு அங்கே ஒரு துளியும் சிறிதாவதில்லை. தாதுவிலிருந்து உலோகத்தை அதன் உலோக நிலைக்கு மீட்பதும் அதே வினைதான். வேதியியலில் நாம் ஒடுக்கம் என்று படித்தது அதன் தொடர்ச்சி. 6/8 என்ற பின்னத்தை 3/4 என்று சுருக்குவதற்கும் அதே சொல்; மதிப்பு அப்படியே இருக்கிறது, எழுதும் வடிவம் மட்டும் எளிதாகிறது. ஒரு வீடு தீயில் சாம்பலானது என்பதற்கு 'ரிடியூஸ்டு டு ஆஷஸ்' என்பார்கள். ஒன்றை ஒரு நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்துதல் என்ற கரு இந்த நான்கு இடங்களிலும் இருக்கிறது. செலவை ரிடியூஸ் செய்தோம் என்று எழுதும்போதும், செலவைக் கையைப் பிடித்து ஓர் அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்திய ஒருவர் அந்த வாக்கியத்தில் நிற்கிறார். விதிவிலக்காக, கொதித்து வற்றும் திரவத்துக்கும், எளிய வடிவத்துக்கு வந்துசேரும் கணிதக் கோவைக்கும் இது தன்வினையாகவும் வரும். உங்கள் அறிக்கைக்கு அவை தேவைப்படப் போவதில்லை.

இனி இரண்டாவது கேள்வி: எது குறைகிறது? இங்கே அகராதியைவிட உங்கள் தமிழ்ச் செவியே நல்ல துணை. குளத்து நீர் வற்றுகிறது என்கிறோம், வெள்ளம் வடிகிறது என்கிறோம். நிலவு தேய்கிறது, உடல் இளைக்கிறது, கோபம் தணிகிறது, அரிய உயிரினம் அருகுகிறது, ஊக்கம் குன்றுகிறது, துணி சுருங்குகிறது. இவை அனைத்துக்கும் 'குறைகிறது' என்று எழுதினாலும் பிழையில்லை, ஆனால் உயிர் இருக்காது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தாலோ சிரிப்பார்கள். கோபம் வற்றியது என்றோ வெள்ளம் இளைத்தது என்றோ நீங்கள் ஒருபோதும் எழுத மாட்டீர்கள். யாரும் உங்களுக்கு விதி சொல்லித் தரவில்லை. எந்த வினை எந்தப் பெயரோடு வாழ்கிறது என்று கேட்டுக் கேட்டே கற்றீர்கள். ஆங்கில வினைகளையும் அப்படித்தான் கற்க வேண்டும். 'டுவிண்டில் என்றால் குறை' என்று குறித்துவைப்பதற்குப் பதிலாக, எந்தப் பெயர்ச்சொல் டுவிண்டில் ஆகிறது என்று குறித்துவையுங்கள்.

ஒரே நிகழ்வை எடுத்துக்கொண்டு பார்த்தால் இது தெளிவாகும். மத்திய ஆசியாவின் ஆரல் கடல் 1960-ல் ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புடன் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது. அதில் கலந்த அமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகளின் நீரைப் பருத்திப் பாசனத்துக்காகத் திருப்பிவிட்டார்கள். பின்பு நிகழ்ந்ததை ஆங்கிலத்தில் எழுதும் ஒருவர் ஒரே வினையைக் கட்டிக்கொண்டு அழ முடியாது. பாசனத் திட்டங்கள் ஆற்றின் வரத்தை ரிடியூஸ் செய்தன. இங்கே செய்தவர்கள் இருக்கிறார்கள். நீர்மட்டம் ஃபால் ஆனது, அல்லது டிராப் ஆனது. மட்டம் என்பது உயரம், உயரத்தில் இருப்பது விழும். ஏரி ஷ்ரிங்க் ஆனது. ஏரி ஓர் உருவம், உருவம் சுருங்கும். 1987 வாக்கில் அது வடக்கு, தெற்கு என்று இரண்டு துண்டாகவே பிரிந்தது. நீரில் உப்பு ஏற ஏற மீன்வளம் டிப்ளீட் ஆனது; வளம், சேமிப்பு, கையிருப்பு போன்றவற்றை எடுத்துத் தீர்ப்பதற்கு உரிய சொல் அது; ஓசோன் படலத்துக்கும் அதையே எழுதுவார்கள். மீன்பிடித் தொழில் டிக்ளைன் ஆகி, பிறகு நின்றேபோனது. ஒரு தொழில் நலிவடைவதைச் சொல்ல அந்தச் சொல்லைவிடப் பொருத்தமானது இல்லை. 2005-ல் வடக்குப் பகுதியில் அணை கட்டி முடித்த பிறகு அங்கே நீர்மட்டம் மீண்டும் ஏறியது. ஒரே அழிவுக்கு ஐந்தாறு வினைகள், ஒவ்வொன்றும் தன் பெயர்ச்சொல்லோடு. வரத்து, மட்டம், ஏரி, வளம், தொழில் என்று எழுவாய் மாறும்போதெல்லாம் வினையும் மாறுவதைக் கவனியுங்கள்.

'ஷ்ரிங்க்', 'கான்ட்ராக்ட்' இரண்டையும் தமிழில் சுருங்குதல் என்றே சொல்கிறோம். அதனால் குழப்பம் அதிகம். தசையை வைத்து இந்த வேறுபாட்டை மறக்காமல் வைத்துக்கொள்ளலாம். கையை மடக்கும்போது தசை கான்ட்ராக்ட் ஆகிறது. நீட்டும்போது தளர்ந்து பழைய நிலைக்கு வருகிறது. இதயம் ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை கான்ட்ராக்ட் ஆகிறது. அந்த இடத்தில் 'ஷ்ரிங்க்' என்று எழுதினால், தசை மெலிந்து சிறுத்துப்போகும் நோயைச் சொன்னதாகிவிடும். கான்ட்ராக்ட் என்பது தன்னைத்தானே உள்ளிழுத்துக்கொள்வது. விரிதல் அதற்கு இணையாக எப்போதும் பக்கத்தில் நிற்கிறது. 10 மீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டவாளம் 50 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் கான்ட்ராக்ட் ஆகும். வெப்பம் ஏறினால் அந்த 6 மில்லிமீட்டரும் திரும்பிவிடும். சுடுநீரில் துவைத்துச் சுருங்கிய கம்பளி ஆடை அப்படித் திரும்புவதில்லை, அதற்கு ஷ்ரிங்க்தான். பொருளாதாரத்துக்கு இரண்டையும் எழுதுகிறார்கள். விரிவதும் சுருங்குவதுமாக மாறி மாறி வருவது அதன் இயல்பு என்பதால் பொருளியலாளர்கள் கான்ட்ராக்ட் என்பதை விரும்புகிறார்கள், செய்தித்தாள்கள் ஷ்ரிங்க் என்பதை விரும்புகின்றன. இறந்தகாலத்தில் ஷ்ரிங்க் என்பது 'ஷ்ராங்க்' என்றும், 'ஹேவ்' என்பதோடு சேரும்போது 'ஷ்ரங்க்' என்றும் மாறும். இதைத் தவறவிடுபவர்கள் ஆங்கிலேயரிலும் உண்டு.

'டிமினிஷ்' எண்ணிக்கையைவிட மதிப்போடும் வலிமையோடும் நெருக்கமான சொல். ஒருவரின் செல்வாக்கு, ஒரு மருந்தின் பலன், ஒரு வெற்றியின் மகிழ்ச்சி ஆகியவை டிமினிஷ் ஆகும். கூடுதலாக உழைத்தும் கிடைக்கும் பலன் படிப்படியாகக் குறைவதைப் பொருளியல் அந்தச் சொல்லால்தான் குறிக்கிறது. மனிதர்களைச் செயப்படுபொருளாக்கினால் அது சிறுமைப்படுத்துதல் ஆகிவிடும்; ஒருவரின் சாதனையை டிமினிஷ் செய்வது, அதைக் குறைத்து மதிப்பிடுவதுதான். எனவே, ஐந்நூறு புகார்கள் நானூறாயின என்ற இடத்தில் அதைக் கொண்டுபோய் வைக்க வேண்டாம். 'டிக்ளைன்' என்பதில் சாய்தல் இருக்கிறது. நிமிர்ந்து நின்றது சரிவதன் சாயல். உடல்நலம், தரம், நன்னடத்தை, பேரரசு ஆகியவற்றோடு அது சேரும்போது ஒரு வருத்தம் தானாகவே வந்துவிடுகிறது. எண்களோடு சேரும்போது அந்த வருத்தம் மங்கிவிடும்; அதனால்தான் புகார்கள் டிக்ளைன் ஆயின என்று உங்கள் மேலாளர் நல்ல செய்திக்கே அதை எழுத முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 'டுவிண்டில்'. தேய்ந்து வாடுதலைக் குறித்த ஒரு பழைய ஆங்கில வினையின்மேல், மீண்டும் மீண்டும் நிகழ்தலைக் காட்டும் விகுதி ஏறிப் பிறந்த சொல் அது. கொஞ்சம் கொஞ்சமாக, ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலைக்கு வந்துசேர்வதே அதன் பொருள்; நம் அருகுதல் என்ற சொல்லுக்கு இதைவிட நெருக்கமான ஆங்கிலச் சொல் இல்லை. வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம் 1960-ல் ஏறத்தாழ 2,000 இருந்தது. கடைசி ஆண் 2018 மார்ச்சில் கென்யாவில் இறந்த பிறகு இரண்டு பெண் விலங்குகள் மட்டுமே மிஞ்சின. இதற்கு டுவிண்டில் என்று எழுதினால் அந்தச் சொல் தன் முழு எடையோடு நிற்கும். விற்பனை 5 சதவீதம் இறங்கியதற்கு அதை எழுதினால், கடையையே மூடப் போகிறார்கள் என்று படிப்பவர் அஞ்சுவார்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். புயல், வலி, இரைச்சல் ஆகியவற்றின் வேகம் அடங்குவது 'அபேட்'. வெள்ளமும் வீக்கமும் கொந்தளிப்பும் அமர்வது 'சப்சைட்', அதன் மூலப்பொருளே அமர்தல்தான். நிலவு தேய்வதும், ஆர்வமும் செல்வாக்கும் மெல்ல மங்குவதும் 'வேன்'. வளர்பிறை, தேய்பிறை என்று நாம் வைத்திருக்கும் இணை ஆங்கிலத்தில் 'வேக்ஸ்', 'வேன்' என்று இருக்கிறது. குரலையும் மட்டத்தையும் இரத்த அழுத்தத்தையும் தாழ்த்துவது 'லோயர்'. மருத்துவர் மருந்தை 'டேப்பர்' செய்யச் சொன்னால் சற்று நிதானமாகக் கேட்க வேண்டும். அளவைப் படிப்படியாகச் சிறிதாக்கிக்கொண்டே போய் முடிக்க வேண்டும் என்பது அதன் பொருள். ஸ்டீராய்டு மருந்தை நீண்ட நாள் உட்கொண்டவர் திடீரென நிறுத்தினால், அதுவரை ஓய்ந்திருந்த அட்ரினல் சுரப்பி உடனே போதிய அளவு சுரக்காமல் உடல் ஆபத்துக்குள்ளாகலாம். இந்த ஒரு வினையை 'குறைத்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் மொழிபெயர்ப்பது போதாது. படிப்படியாக என்ற சொல்லையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வினையைச் சரியாகத் தேர்ந்த பிறகும் எண்களோடு வரும் சிறு சொற்களில் பலர் வழுக்குகிறார்கள். 400 புகார்கள் 300 ஆனால், 'பை' என்பதன் பின்னால் வரவேண்டியது வேறுபாடாகிய 100. 'டு' என்பதன் பின்னால் வரவேண்டியது சென்றடைந்த 300. இரண்டும் இடம் மாறினால் செய்தியே தலைகீழாகிவிடும். 'பை 300' என்று எழுதியவர், மிஞ்சியது 100 மட்டுமே என்று சொல்லிவிட்டார். பெயர்ச்சொல்லாக எழுதும்போது அளவுக்கு முன் 'ஆஃப்', பொருளுக்கு முன் 'இன்' வரும்: 25 சதவீதம் என்பதற்கு முன் 'ஆஃப்', புகார்கள் என்பதற்கு முன் 'இன்'. 'ரிடக்ஷன்' என்ற பெயர்ச்சொல்லுக்கு அதன் வினைக்குள்ள கட்டுப்பாடு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செய்தவர் யாரென்று குறிப்பிடாமலே 'ரிடக்ஷன் இன் கம்ப்ளெய்ன்ட்ஸ்' என்று எழுதலாம். உச்சரிப்பில் ஒரு நுணுக்கம்: 'டிக்ரீஸ்' பெயராக வரும்போது முதல் அசையிலும், வினையாக வரும்போது இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழும். விலையைப் பற்றி எழுதும்போது, பொருள் மலிவானது என்று எழுதுங்கள், விலை இறங்கியது என்று எழுதுங்கள். விலையே 'சீப்பர்' ஆனது என்று எழுதுவதைக் கவனமான திருத்துநர்கள் ஏற்பதில்லை. பணவீக்கம் 6 சதவீதத்திலிருந்து 4 ஆனது என்பதை, விலைகள் இறங்கின என்று எழுதிவிடுவது இன்னும் பெரிய பிழை. விலைகள் ஏறிக்கொண்டேதான் இருக்கின்றன, ஏறும் வேகம் மட்டுமே தணிந்திருக்கிறது.

இப்போது உங்கள் நான்கு செய்திகள். கையிருப்புச் சரக்கு வழக்கமான விற்பனையால் இறங்கியிருந்தால் 'டிக்ரீஸ்டு' அல்லது 'ஃபெல்' (மரம் வெட்டும் ஃபெல் அன்று, 'ஃபால்' என்பதன் இறந்தகாலம்) போதும். புதிய சரக்கு வராமல் தீர்ந்துபோகும் நிலையில் இருந்தால் மட்டும் 'டிப்ளீட்டட்' என்று எழுதுங்கள், ஏனெனில் அந்தச் சொல்லைப் படிப்பவர் உடனே கொள்முதல் பிரிவை அழைப்பார். பணியாளர் எண்ணிக்கை 12-லிருந்து 9 ஆனதற்கு, மூவர் தாமாக விலகிச் சென்றிருந்தால் 'ஃபெல் ஃப்ரம் 12 டு 9' என்றும், நிர்வாகம் ஆட்களைக் குறைத்திருந்தால் 'வாஸ் ரிடியூஸ்டு' என்றும் எழுதுவதே நேர்மை. டுவிண்டில் இங்கே வேண்டாம். புகாரைத் தீர்க்க ஆகும் காலத்தை நீங்கள் முயன்று குறைத்திருக்கிறீர்கள். 'வீ ரிடியூஸ்டு' என்று முழு உரிமையோடு எழுதுங்கள், காலத்துக்கு 'ஷார்ட்டன்டு' என்பதும் நன்றாகப் பொருந்தும். பிழை விகிதம் 8 சதவீதத்திலிருந்து 6 ஆனதை '2 சதவீதம் ஃபெல்' என்று எழுதாமல், '2 பர்சென்டேஜ் பாயின்ட்ஸ்' என்று எழுதுங்கள். விகிதத்தின் அளவில் பார்த்தால் அது 25 சதவீத இறக்கம், இரண்டில் எதைச் சொல்கிறீர்கள் என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும். 8, 6 என்ற இரண்டு எண்களையும் அதே வாக்கியத்தில் கொடுத்துவிட்டால் மேலாளர் இந்த முறை கேள்விக்குறி போட இடமிருக்காது.